யானைக்கு இருக்கும் அதே சட்டப் பாதுகாப்பு வேளா மீனுக்கும் உண்டு... ஆனால் ஏன் இந்த நிலை? விரிவான விளக்கம்

யானை ஒன்று மின்வேலியில் சிக்கி இறந்தால் அன்று மாலைக்குள் அது செய்தியாகிவிடும். வனத்துறை வரும், கால்நடை மருத்துவர் வருவார், உடற்கூறாய்வு நடக்கும், வழக்குப் பதிவாகும்.

அதே நாளில் கடலில் ஒரு வேளா மீன் வலையில் சிக்கி இறந்தால்? கரையில் நாலு பேர் செல்போனில் படம் எடுப்பார்கள். 'அடேங்கப்பா, எவ்ளோ பெரிய ரம்பம்!' என்பார்கள். பெரும்பாலும் அதோடு விஷயம் முடிந்துவிடும்.

இத்தனைக்கும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. இரண்டுமே அட்டவணை 1. அதாவது இந்தியாவில் ஓர் உயிரினத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பு. சரி, அப்படின்னா ஒன்றைப் பற்றி ஊருக்கே தெரிகிறது, இன்னொன்றின் பெயர்கூட பலருக்குத் தெரியவில்லையே, ஏன்? அதற்கு முதலில் இந்த இரண்டும் யார், எந்த வகையைச் சேர்ந்தவை என்று பார்க்க வேண்டும்.

வேளா மீன்: சுறாவா, திருக்கையா?

பார்த்தால் சுறா மாதிரிதான் இருக்கும். நீண்ட உடல், நிமிர்ந்த முதுகுத் துடுப்பு, சுறாவைப் போலவே வாலை ஆட்டி நீந்தும். ஆனால் வேளா சுறா அல்ல, திருக்கை இனம்.

எப்படிச் சொல்கிறார்கள்? செவுள் பிளவுகளை வைத்து. சுறாவுக்கு அவை தலையின் இரு பக்கவாட்டிலும் இருக்கும். திருக்கைக்கு உடலின் அடிப்பக்கத்தில், வாய்க்குப் பின்னால் இருக்கும். வேளாவைப் புரட்டிப் பார்த்தால் 5 ஜோடி செவுள் பிளவுகளும் வயிற்றுப் பக்கம்தான் இருக்கின்றன. மார்புத் துடுப்புகளும் திருக்கைக்கு உள்ளதுபோலத் தலையோடு ஒட்டியவை.

முகத்தில் இருந்து நீளும் ரம்பம்தான் இதன் அடையாளம். தட்டையான நீண்ட அலகு, இரு ஓரங்களிலும் வரிசையாகப் பற்கள் போன்ற முட்கள். அதனால் 'ரம்ப மீன்' என்றும் சொல்வார்கள். பெரிய பல் வேளா என்ற இனம் 6 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. ஒரு மினி வேனைவிட நீளம்!

இதை வேறு இரண்டு மீன்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று வாள்மீன். அதற்கு மூக்கு கத்தி போல நீண்டிருக்கும், முட்கள் இருக்காது. அது எலும்பு மீன். இன்னொன்று ரம்பச் சுறா. அதற்கும் ரம்பம் உண்டு, ஆனால் நடுவில் இரண்டு மீசைகள் தொங்கும், செவுள்கள் பக்கவாட்டில் இருக்கும். அது நிஜமாகவே சுறா.

யானை, வேளா: வகைப்பாட்டில் எங்கே பிரிகின்றன?

உயிரியல் வகைப்பாடு என்பது ஒரு முகவரி மாதிரி. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, வீடு என்று குறுகிக்கொண்டே வருவதுபோல உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று வரும்.

யானையும் வேளாவும் விலங்குலகம் என்ற ஒரே நாட்டுக்காரர்கள். முதுகுநாணிகள் என்ற ஒரே மாநிலம். முதுகெலும்புள்ளவை என்பது வரை ஒன்றாக வருகின்றன. அதற்கு அடுத்த திருப்பத்தில் பிரிந்துவிடுகின்றன.

ஆசிய யானையின் முகவரி: பாலூட்டிகள் வகுப்பு, துதிக்கை விலங்குகள் வரிசை, யானைக் குடும்பம். அறிவியல் பெயர் எலிஃபஸ் மேக்சிமஸ். ஒரு காலத்தில் மாமூத் உட்படப் பல கிளைகள் இருந்த இந்த வரிசையில் இன்று மிஞ்சியிருப்பது மூன்றே இனங்கள். ஆசிய யானை, ஆப்பிரிக்கப் புல்வெளி யானை, ஆப்பிரிக்கக் காட்டு யானை.

வேளாவின் முகவரி: குருத்தெலும்பு மீன்கள் வகுப்பு, கிதார் மீன்களும் வேளாக்களும் சேர்ந்த வரிசை, பிரிஸ்டிடே குடும்பம். இந்தக் குடும்பத்தில் மொத்தமே 5 இனங்கள். அவற்றில் கூர்வால் வேளா, பெரிய பல் வேளா, பச்சை வேளா ஆகிய மூன்றும் இந்தியக் கடல்களில் பதிவானவை. பெரிய பல் வேளாவின் அறிவியல் பெயர் பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ்.

குருத்தெலும்பு என்றால் நம் காது மடலில் இருப்பது போன்ற வளையும் பொருள். வேளாவுக்கு உடம்பில் ஓர் எலும்புகூடக் கிடையாது. எலும்பு மீன்களின் பாதையும் குருத்தெலும்பு மீன்களின் பாதையும் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. பாலூட்டிகள் எல்லாம் அந்த எலும்பு மீன்களின் பாதையில் இருந்து பின்னாளில் கிளைத்தவை.

இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. மீன் சந்தையில் வஞ்சிரமும் திருக்கையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். இரண்டுமே 'மீன்'தான். ஆனால் பரிணாம உறவுமுறைப்படி பார்த்தால், வஞ்சிரத்துக்கு வேளாவைவிட யானைதான் நெருங்கிய சொந்தம்! 'மீன்' என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு பெரிய வித்தியாசங்களை மூடி மறைக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். இந்தச் சொல்தான் பாதுகாப்பிலும் சிக்கலை உண்டாக்குகிறது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

குட்டி போட்டால் பாலூட்டியா?

வேளா முட்டை இடுவதில்லை, குட்டி போடும். தாயின் வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரிந்து, குட்டி வளர்ந்து வெளியே வரும். பிறக்கும் குட்டிக்கும் ரம்பம் உண்டு. தாயைக் கிழித்துவிடாமல் இருக்க, அந்த ரம்பம் மென்மையாகவும் ஓர் உறை மூடியும் இருக்கும். பிறந்த சில நாட்களில் உறை கழன்றுவிடும்.

அப்போ இது பாலூட்டியா? இல்லை. குட்டி போடுவது மட்டும் போதாது, பாலூட்ட வேண்டும். உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும், உடலில் ரோமம் இருக்க வேண்டும். யானைக்கு இவை மூன்றும் உண்டு. யானைக் குட்டியை உற்றுப் பார்த்தால் தலையிலும் முதுகிலும் முடி தெரியும். வேளாவுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இனப்பெருக்கத்தில் ஒரே ஒற்றுமை, வேகம் குறைவு என்பதுதான். யானையின் கர்ப்பகாலம் 18 முதல் 22 மாதங்கள். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி, அடுத்ததற்குச் சில ஆண்டுகள் இடைவெளி. பெரிய பல் வேளா ஒரு ஈற்றுக்குச் சராசரியாக 7 குட்டிகள்தான் போடும். லட்சக்கணக்கில் முட்டையிடும் மத்தி, நெத்திலியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மத்தியைப் பிடிப்பதுபோல வேளாவைப் பிடித்தால் கணக்கு தாங்காது.

தந்தம் பல்... ரம்பத்தில் இருப்பது?

யானையின் தந்தத்தைக் கொம்பு என்று சொல்வது வழக்கம். ஆண் யானைக்குக் கொம்பன் என்றே பெயர். உண்மையில் அது கொம்பு அல்ல, பல். மேல்தாடையின் வெட்டுப் பற்கள்தான் வாழ்நாள் முழுக்க வளர்ந்து தந்தமாகின்றன. ஆசிய யானைகளில் ஆண்களுக்கு மட்டுமே பெரிய தந்தம் வளரும். தந்தமே இல்லாத ஆண்தான் மக்னா.

வேளாவில் கதை தலைகீழ். ரம்பத்தில் பல் போலத் தெரிபவை உண்மையான பற்கள் அல்ல. தோலில் உள்ள செதில்கள் உருமாறியவை. நிஜப் பற்கள் வாய்க்குள், அடிப்பக்கத்தில், சின்னச் சின்னதாக இருக்கின்றன. ரம்ப முள் ஒன்று வேரோடு விழுந்துவிட்டால் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது.

ரம்பம் வெறும் ஆயுதமும் அல்ல. அதில் நுண்ணிய மின் உணர்வுத் துளைகள் நிறைந்திருக்கின்றன. சேற்றுத் தண்ணீரில் கண் தெரியாத இடத்தில், பக்கத்தில் இருக்கும் மீனின் உடல் எழுப்பும் மெல்லிய மின் அதிர்வை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று வேளா கண்டுபிடிக்கும். பிறகு ரம்பத்தைப் பக்கவாட்டில் வீசி இரையை அடிக்கும். அடிபட்ட மீனைத் தரையோடு அழுத்திப் பிடிக்கவும் அதே ரம்பம்தான். 2012-ல் பார்பரா வூரிங்கர் தலைமையிலான ஆய்வு இதை நேரில் கவனித்துப் பதிவு செய்தது.

யானைக்குத் துதிக்கை எப்படியோ வேளாவுக்கு ரம்பம் அப்படி. மோப்பமும் கையும் சேர்ந்த உறுப்பு. ரம்பத்தை வெட்டிவிட்டுக் கடலில் விட்டால் அது 'உயிரோடு விட்டதாக' ஆகாது. இரை தேட முடியாமல் பெரும்பாலும் பட்டினியால் சாகும்.

சங்க இலக்கியமான பட்டினப்பாலையில், கடற்கரை மக்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. சாதாரணச் சுறாவுக்குக் கொம்பு ஏது? வேளாவின் ரம்பத்தைத்தான் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது.

யானையின் சொந்தக்காரர் கடலில் இருக்கிறார்

வகைப்பாடு ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம் கடல்பசு. தமிழகக் கடற்கரையில் ஆவுளியா என்றும் சொல்வார்கள். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல்புல் மேய்ந்து வாழும் இந்த விலங்கு, யானையின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே மூதாதையில் இருந்து கிளைத்த பாலூட்டிகள்.

2022 செப்டம்பரில் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதாவது கடலுக்குள் இருந்தாலும் கடல்பசுவுக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. வேளாவுக்கு அந்த மாதிரி தனிப் பாதுகாப்பகம் இந்தியாவில் இல்லை.

மூன்று பட்டியல்கள்: குழப்பம் வேண்டாம்

செய்திகளில் 'பாதுகாக்கப்பட்ட இனம்' என்று வரும்போது மூன்று வேறு பட்டியல்கள் கலந்துவிடுகின்றன.

முதலாவது, ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல். இது சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிடும் மருத்துவ அறிக்கை மாதிரி. ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சட்டம் அல்ல, யாரையும் தண்டிக்காது.

இரண்டாவது, சைட்டிஸ் ஒப்பந்தம். 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. நாடு விட்டு நாடு நடக்கும் வணிகத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். இதன் முதல் பட்டியலில் உள்ள இனங்களை வணிகத்துக்காக ஏற்றுமதி, இறக்குமதி செய்ய முடியாது.

மூன்றாவது, இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். வழக்கு, கைது, சிறை எல்லாம் இதன் கீழ்தான். அட்டவணை 1-ல் உள்ள உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

இப்போது இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம்.

சிவப்புப் பட்டியலில் ஆசிய யானை 'அழியும் ஆபத்தில்' உள்ள இனம். மூன்று தலைமுறைக் காலத்தில் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருக்கலாம் என்பது இதற்கு அடிப்படை. பெரிய பல் வேளா அதற்கும் ஒரு படி மேலே, 'மிக அதிக அழிவாபத்தில்' இருக்கிறது. சரிவு 80 சதவீதத்தைத் தாண்டும் இனங்களுக்கான படி அது. அதற்கு அடுத்த நிலை, இயற்கைச் சூழலில் முற்றிலும் இல்லாமல் போவது.

சைட்டிஸ் முதல் பட்டியலில் ஆசிய யானை 1975 முதலே இருக்கிறது. வேளாக்கள் 2007-ல்தான் சேர்ந்தன. அப்போதும் ஒரு வகைக்கு மட்டும், காட்சித் தொட்டிகளுக்காக உயிருடன் விற்கச் சலுகை தரப்பட்டது. 2013-ல் அந்தச் சலுகையும் நீக்கப்பட்டது.

1873-க்கும் 2001-க்கும் இடையே...

இந்தியச் சட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரியது.

யானைக்காக 1873-லேயே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சென்னை காட்டு யானைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். 1879-ல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கான யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1977-ல் யானை அட்டவணை 1-க்கு மாற்றப்பட்டது. 1992-ல் யானைகள் திட்டம் தொடங்கியது. 2010-ல் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவிக்கப்பட்டது. இன்று நாடு முழுக்க 33 யானைகள் காப்பகங்கள் இருக்கின்றன. தமிழகத்தில் மட்டும் 5. கடைசியாக 2022-ல் அகத்தியர்மலை சேர்ந்தது.

வேளாவுக்குச் சட்டம் வந்தது 2001-ல். அதுவும் நேர்க்கோட்டில் வரவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் மொத்தமாகத் தடைப்பட்டியலில் போட்டது. மீனவர்களிடையே கடும் எதிர்ப்பு கிளம்பியது. சுறாப்புட்டும் திருக்கைக் குழம்பும் அன்றாட உணவாக இருக்கும் கரையில், ஒரே உத்தரவில் எல்லாம் குற்றம் என்றால் யார் ஏற்பார்கள்? டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா போன்றவற்றோடு வேளாக்களும் அந்தப் பத்தில் தங்கின. 2022-ல் வந்த சட்டத் திருத்தத்தில் மேலும் சில சுறா, திருக்கை இனங்கள் சேர்ந்தன.

கணக்குப் போட்டால், யானைக்கு முதல் சட்டம் வந்து 128 ஆண்டுகள் கழித்துத்தான் வேளாவுக்கு வந்திருக்கிறது. அதற்குள் கடலில் பெரும்பாலானவை காலியாகிவிட்டன.

யானையை எண்ணுகிறார்கள்... வேளாவை?

பாதுகாப்பின் முதல் படி எண்ணிக்கை. எத்தனை இருக்கிறது என்று தெரிந்தால்தான் கூடுகிறதா, குறைகிறதா என்று சொல்ல முடியும்.

2017 கணக்கெடுப்பில் இந்தியாவில் 29,964 யானைகள் என்று மதிப்பிடப்பட்டது. அப்போது தமிழகத்தில் 2,761. அடுத்து 2025 அக்டோபரில் டிஎன்ஏ அடிப்படையிலான முதல் மதிப்பீடு வெளியானது. காடுகளில் இருந்து 21,000-க்கும் மேற்பட்ட சாணி மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, அவற்றில் இருந்து 4,065 தனித்தனி யானைகள் அடையாளம் காணப்பட்டன. அதை வைத்து நாட்டின் மொத்த எண்ணிக்கை 22,446 என்று கணித்தார்கள். 18,255 முதல் 26,645 வரை இருக்கலாம் என்ற எல்லையும் தரப்பட்டது.

அப்படின்னா 7,000-க்கும் மேற்பட்ட யானைகள் காணாமல் போய்விட்டனவா? அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு கணக்குகளின் முறையும் வேறு. பழைய முறையில் ஒரே யானை இரண்டு இடத்தில் எண்ணப்பட வாய்ப்பு உண்டு. டிஎன்ஏ கணக்கு இனிமேல் வரும் மதிப்பீடுகளுக்கான புதிய தொடக்கப் புள்ளி.

வேளாவுக்கு இந்த மாதிரி எந்தக் கணக்கும் கிடையாது. மீன்களைக் கணக்கிடும் முறையே வேறு. 1947-ல் தொடங்கப்பட்டு, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், துறைமுகங்களில் வந்து இறங்கும் மீன்களைத் தொடர்ந்து பதிவு செய்கிறது. அரிய இனம் வந்தால் அதன் விஞ்ஞானிகள் குறிப்பு எழுதுகிறார்கள். வேளா பற்றி இந்தியாவில் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிக் கிடைத்ததுதான்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. யானை காட்டில் உயிரோடு இருக்கும்போது எண்ணப்படுகிறது. வேளா செத்துக் கரைக்கு வந்த பிறகுதான் பதிவேட்டில் ஏறுகிறது. யானை வனத்துறையின் கண்ணில் 'வன உயிர்'. வேளா ஏலக்கூடத்துக்கு வந்துசேரும் 'மீன்'. சட்டப் புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தாலும், நடைமுறையில் இரண்டும் வேறு வேறு உலகம்.

யாரும் வேட்டையாடாமலே அழிந்தது எப்படி?

தந்தத்துக்காக யானையைக் கொல்பவர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறார். நோக்கம் தெளிவு. அதனால் சட்டமும் வேலை செய்கிறது. 1986-ல் இந்திய யானைத் தந்த வணிகம் தடை செய்யப்பட்டது. இன்று யானைக்குப் பெரிய எதிரிகள் மின்வேலி, ரயில், துண்டாடப்பட்ட வழித்தடங்கள். 2021 நவம்பரில் கோவை நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. அதன் பிறகு மதுக்கரை வனப்பகுதியில் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் வைக்கப்பட்டு, 2024 பிப்ரவரி முதல் தண்டவாளத்தை யானை நெருங்கினால் எச்சரிக்கை போகிறது. பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது, தீர்வும் தேடப்பட்டது.

வேளாவுக்கு இன்று எதிரி தனி மனிதர் இல்லை, வலை. உழுவை, இறால், வாளை என்று எதற்காகவோ விரித்த வலையில் ரம்பம் மாட்டிக்கொள்ளும். இரு பக்கமும் முட்கள் இருப்பதால் திமிறத் திமிற இன்னும் சிக்கும். எந்த உறுப்பு அதற்கு இரை தேடித் தந்ததோ, அதே உறுப்புதான் உயிருக்கு வினையாகிறது. 'வேட்டையாடாதே' என்று சட்டம் சொல்லலாம். யாரும் வேட்டையாடவில்லை, வலைக்குள் தானாக வந்தது என்றால் என்ன செய்வது?

இன்னொன்று வாழிடம். பெரிய பல் வேளாவின் குட்டிகள் முகத்துவாரங்களிலும் ஆற்று நீரிலும் வளர்பவை. அலையாத்திக் காடுகள் அழிந்ததும், ஆறுகளில் அணைகள் வந்ததும், முகத்துவாரங்கள் மாசுபட்டதும் அந்தத் தொட்டில்களை அழித்தன.

மூன்றாவது விலை. துடுப்புகள் சூப்புக்கு, ரம்பம் அலங்காரப் பொருளுக்கு. தென் அமெரிக்காவில் ரம்ப முட்களைச் சேவல் சண்டைக்குக் கத்தியாகக்கூடப் பயன்படுத்தினார்கள். மத்திய அமெரிக்காவின் நிகராகுவா ஏரியில் 1970-களில் வேளாவுக்கென்றே வணிக மீன்பிடி நடந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த கூட்டம் சரிந்துபோனது.

விளைவு? 2021-ல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, வேளாக்கள் வாழ்ந்த 90 நாடுகளில் 55 நாடுகளில் அவை அற்றுப்போயிருக்க வேண்டும் என்று சொன்னது.

மீட்க முடியுமா? ஃபுளோரிடா சொல்லும் பாடம்

முடியும் என்பதற்கு ஓர் இடம் சாட்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 1992-லேயே சிறிய பல் வேளாவுக்குப் பாதுகாப்பு தரப்பட்டது. 1995-ல் கரையோரக் கடலில் செவுள் வலைகளுக்குத் தடை வந்தது. 2003-ல் அந்நாட்டின் அழியும் இனங்கள் சட்டத்தில் இடம்பெற்றது. அதன் பிறகு அங்கு சரிவு நின்று, குட்டிகள் தொடர்ந்து தென்படத் தொடங்கின. 2015-ல் வெளியான ஆய்வில், அங்கே சில குட்டிகள் ஆண் துணை இல்லாமலே பிறந்தவை என்று டிஎன்ஏ மூலம் தெரியவந்தது. துணை கிடைக்காத அளவுக்கு எண்ணிக்கை குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதினார்கள்.

ஆனால் மீட்சி லேசுப்பட்டதல்ல. 2024-ல் ஃபுளோரிடா கடலில் மீன்கள் நிலைகுலைந்து சுழன்று சாகும் விநோத நிகழ்வு நடந்தது. அதில் 50-க்கும் மேற்பட்ட வேளாக்கள் இறந்தன. கடலடிப் பாசிகளின் நச்சு காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது.

இந்தியாவில் என்ன செய்யலாம்?

முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. குஜராத்தில் திமிங்கலச் சுறா வலையில் சிக்கினால் மீனவர்கள் வலையை வெட்டி விடுவிக்கிறார்கள். கிழிந்த வலைக்கு இழப்பீடு கிடைக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. மகாராஷ்டிராவில் 2018 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் உயிர்களை விடுவிப்பவர்களுக்கு வலை இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தமிழகத்தில் கடல்பசுவை விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ரொக்கப் பரிசு தருகிறது.

யானை வயலை மிதித்தால் விவசாயிக்கு இழப்பீடு உண்டு. வேளாவை விடுவிக்க வலையை வெட்டும் மீனவருக்கும் நஷ்டம் நிஜமானது. ஒரு வலையின் விலை ஒரு குடும்பத்தின் பல நாள் வருமானம். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் சட்டத்தை மட்டும் காட்டினால், சிக்கிய மீன் சத்தமில்லாமல் துண்டுகளாகிவிடும். செய்தியும் வெளியே வராது.

எண்ணிக்கைக்கும் வழி இருக்கிறது. உயிரினங்கள் தண்ணீரில் விட்டுச்செல்லும் டிஎன்ஏ துணுக்குகளைச் சோதித்து, மீனைப் பார்க்காமலே அது அங்கு இருக்கிறதா என்று அறியும் முறை வந்துவிட்டது. ஆஸ்திரேலிய ஆறுகளில் வேளாவைத் தேட இது பயன்படுகிறது. யானைச் சாணியில் டிஎன்ஏ தேடுவது எப்படியோ அதுபோலத்தான் இதுவும்.

வேளா வலையில் சிக்கினால் என்ன செய்ய வேண்டும்?

* முடிந்தவரை தண்ணீரிலேயே வைத்திருங்கள். படகில் தூக்கிப் போட வேண்டாம்.
* ரம்பத்தையோ வாலையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ரம்பத்தைப் பக்கவாட்டில் வேகமாக வீசும் என்பதால் ஆளுக்கும் ஆபத்து. தள்ளி நிற்க வேண்டும்.
* ரம்பத்தின் நீளவாக்கில் வலையை அறுத்து, சிக்கலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.
* ரம்பத்தை வெட்டவோ உடைக்கவோ கூடாது.
* விடுவித்த இடம், தேதி, தோராயமான நீளம் ஆகியவற்றை வனத்துறைக்கோ மீன்வளத் துறைக்கோ தெரிவிக்கலாம். ஒரு தகவல்கூட ஆய்வாளர்களுக்குப் பெரிய விஷயம்.
* பழைய ரம்பம் கையில் இருந்தாலும் அதை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

ஒரே பார்வையில்

* வகுப்பு: யானை பாலூட்டி. வேளா குருத்தெலும்பு மீன், திருக்கை இனம்.
* அடையாள உறுப்பு: யானையின் தந்தம் நிஜப் பல். வேளாவின் ரம்ப முள் உருமாறிய செதில்.
* குடும்பத்தில் மிஞ்சிய இனங்கள்: யானை 3, வேளா 5.
* சிவப்புப் பட்டியல்: ஆசிய யானை அழியும் ஆபத்தில். பெரிய பல் வேளா மிக அதிக அழிவாபத்தில்.
* சைட்டிஸ் முதல் பட்டியல்: ஆசிய யானை 1975. வேளாக்கள் 2007, முழுமையாக 2013.
* இந்தியச் சட்டம்: இரண்டும் அட்டவணை 1. யானை 1977, வேளா 2001.
* எண்ணிக்கை: இந்தியாவில் யானை 22,446 என மதிப்பீடு. வேளாவுக்குக் கணக்கெடுப்பு இல்லை.

இந்தப் பட்டியலின் கடைசி வரிதான் இப்போதைய பெரிய சிக்கல். யானைகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று அடுத்த கணக்கெடுப்பில் விவாதிக்க முடியும். வேளாவைப் பொறுத்தவரை அந்த விவாதத்தைத் தொடங்கவே முதலில் ஓர் எண் வேண்டும். அதற்கு, வலையில் சிக்கியதை பயமில்லாமலும் நஷ்டமில்லாமலும் மீனவர் வெளியே சொல்லக்கூடிய நிலை வர வேண்டும்.